பீட்சா மாவும் புளிக்கணும்... ஆனா எவ்வளவு நேரம்?

அடுக்களை அறிவியல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. ஈரோட்டில் ஒரு வீட்டுச் சமையலறை. முந்தைய இரவு பிசைந்து மூடி வைத்த பீட்சா மாவைத் திறந்து பார்த்த மருமகளுக்கு முகம் வாடிவிட்டது. பந்து போல உப்பியிருக்க வேண்டிய மாவு, கூழ் மாதிரி பாத்திரத்தில் பரவிக் கிடந்தது. கையில் எடுத்தால் ஒட்டியது. இழுத்தால் அறுந்தது. மூக்கைத் துளைக்கும் புளிப்பு வாசனை வேறு.

மதியம் நாத்தனார் குடும்பம் வருகிறது. 'இந்தத் தடவை கடையில் வாங்க மாட்டோம், அத்தையே செய்து தருவேன்' என்று பிள்ளைகளிடம் போனிலேயே சொல்லியாகிவிட்டது. இதற்காக இரண்டு வாரமாக ஒரு பாட்டிலில் மாவும் தண்ணீரும் ஊற்றி, குழந்தை மாதிரி பார்த்து வந்திருந்தார்.

"வீடியோல சொன்ன மாதிரியேதானுங்க அத்தை செஞ்சேன். பன்னெண்டு மணி நேரம் வெளிய வெக்கச் சொன்னாங்க, வெச்சேன்."

மாமியார் ஒரு விரலால் மாவைத் தொட்டுப் பார்த்தார். நாற்பது வருடமாக இட்லி மாவு ஆட்டிய கை.

"அது அவங்க ஊர்ல பன்னெண்டு மணி நேரம் கண்ணு. நம்மூர்ல சித்திரை மாசத்துல இட்லி மாவையே அத்தனை நேரம் வெளிய விடுவமா?"

அன்று பீட்சா கடையிலிருந்துதான் வந்தது. ஆனால், ஈஸ்ட் பாக்கெட் இல்லாமல் புளித்த மாவில் பீட்சா செய்ய நினைக்கும் எல்லோருக்குமான பாடம் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. செய்முறையில் எழுதியிருக்கும் மணிக்கணக்கு, அதை எழுதியவரின் சமையலறைக்குச் சொந்தமானது. 20 டிகிரி குளிரில் பன்னிரண்டு மணி நேரம் எடுக்கும் வேலை, 32 டிகிரி வெக்கையில் ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடலாம். அதற்குப் பிறகும் மாவை வெளியே விட்டால், அது கெட்டுப்போகத்தான் செய்யும்.

உறைமோர் மாதிரி ஒரு மாவு

சவர்டோ என்றால் புளித்த மாவு. கோதுமை மாவையும் தண்ணீரையும் கலந்து சில நாள் வைத்தால், மாவில் ஏற்கெனவே இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பெருகும். ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயு மாவை உப்ப வைக்கிறது. பாக்டீரியா உண்டாக்கும் அமிலம் புளிப்பைத் தருகிறது. இப்படிப் புளித்த கலவையில் கொஞ்சம் எடுத்துப் புது மாவில் சேர்த்தால், அதுவும் புளிக்கும். மீதியை அடுத்த முறைக்கு எடுத்து வைக்கலாம். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அதே கணக்குதான். இந்த 'உறை மாவு'க்குப் பெயர் ஸ்டார்ட்டர். இத்தாலியில் இதைத் 'தாய் மாவு' என்றே அழைக்கிறார்கள்.

இது புதிதாக வந்த நாகரிகமும் கிடையாது. கடையில் ஈஸ்ட் கிடைக்காத காலத்தில், ரொட்டி உப்புவதற்குப் பழைய மாவோ, மது வடிக்கும் இடத்து நுரையோதான் வழி. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1868-ல் ஃபிளைஷ்மன் சகோதரர்கள் கட்டி ஈஸ்ட்டைத் தயாரித்து விற்கத் தொடங்கினார்கள். சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுவதால் ரொட்டிக் கடைகள் அந்தப் பக்கம் சாய்ந்தன. பழைய மாவு மெல்ல ஒதுங்கியது.

ஒதுங்காத ஊர்களில் ஒன்று சான்பிரான்சிஸ்கோ. 1849-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் தேடிப் பெருங்கூட்டம் குவிந்த நாளிலிருந்தே அந்த ஊர் புளித்த ரொட்டிக்குப் பேர் போனது. பின்னாளில் அலாஸ்கா பக்கம் தங்கம் தேடிப் போனவர்களுக்கு 'சவர்டோ' என்பதே பட்டப்பெயராகிவிட்டது. அந்த ரொட்டியின் ருசிக்கு என்ன காரணம் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வகத்தைச் சேர்ந்த லியோ கிளைன், ஃபிராங்க் சுகிஹாரா ஆகியோர் ஆராய்ந்து 1971-ல் விடை சொன்னார்கள். அந்த மாவில் ஒரு ஈஸ்ட்டும் ஒரு பாக்டீரியாவும் சேர்ந்து குடித்தனம் நடத்துகின்றன. மாவிலுள்ள மால்டோஸ் என்ற சர்க்கரையை அந்த ஈஸ்ட் தொடுவதில்லை. பாக்டீரியாவுக்கு அதுதான் பிடித்த சாப்பாடு. ஒன்றின் தட்டில் மற்றொன்று கை வைப்பதில்லை. அதனால்தான் அந்தக் கூட்டணி வருடக்கணக்கில் நீடிக்கிறது.

அந்த பாக்டீரியாவுக்கு ஊரின் பெயரையே வைத்தார்கள். பிறகு பார்த்தால், ஐரோப்பாவின் பல ஊர் மாவுகளிலும் அதுவே இருந்தது. நான்கு கண்டங்களிலிருந்து 500 ஸ்டார்ட்டர்களை வாங்கி ஒப்பிட்டு, 2021-ல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதையே சொன்னது: எந்த ஊரில் வளர்ந்தது என்பதை வைத்து ஒரு ஸ்டார்ட்டரில் என்ன நுண்ணுயிர் இருக்கும் என்று கணிக்க முடியாது. ஆகவே, வெளிநாட்டிலிருந்து 'ஸ்பெஷல் ஸ்டார்ட்டர்' வரவழைக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. நம் ஊர் கோதுமை மாவே போதும்.

இட்லி மாவு தெரிந்தவருக்குப் பாதி தெரியும்

இட்லி மாவும் இதே போலத் தானாகப் புளிப்பதுதான். ஆனால், இரண்டு வித்தியாசங்கள் உண்டு. இட்லி மாவைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. சவர்டோ மாவில் அந்த வேலையை முக்கியமாகச் செய்வது ஈஸ்ட். இட்லி மாவில் வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் வழுவழுப்பு. பீட்சா மாவில் அதைச் செய்வது கோதுமையின் குளூட்டன் என்ற புரதம். தண்ணீர் பட்டதும் ஜவ்வு போல இழுபடுவது அதுதான்.

இந்த இரண்டாவது வித்தியாசம்தான் ஈரோட்டு மருமகளைக் கவிழ்த்தது. இட்லி மாவு கொஞ்சம் கூடுதலாகப் புளித்தால் ஊத்தப்பமாக ஊற்றிச் சமாளிக்கலாம். கோதுமை மாவு அளவுக்கு மீறிப் புளித்தால், சேரும் அமிலமும் மாவில் உள்ள என்சைம்களும் சேர்ந்து குளூட்டன் வலையைத் தளர்த்தி அறுத்துவிடும். பிறகு எவ்வளவு பிசைந்தாலும் அந்த வலை பழையபடி திரும்பாது.

மூன்றாம் நாள் மௌனம்

ஸ்டார்ட்டர் செய்யத் தேவை: ஒரு கண்ணாடி பாட்டில், ஒரு சமையல் தராசு, கோதுமை மாவு, தண்ணீர். உமியும் தவிடும் ஒட்டிய மேல்பகுதியில்தான் நுண்ணுயிர்கள் அதிகம் என்பதால், முதல் நாள் மைதாவைவிட முழுக் கோதுமை மாவு நல்லது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை வந்தால், கொதிக்க வைத்து ஆறவிட்டுப் பயன்படுத்தலாம்.

முதல் நாள், 50 கிராம் கோதுமை மாவையும் 50 மில்லி தண்ணீரையும் கலந்து, பாட்டிலை இறுக்காமல் மூடி வைக்க வேண்டும். இறுக்கினால் உள்ளே வாயு சேர்ந்து அழுத்தும். கலவை நிற்கும் உயரத்தில் வெளியே ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டால், எவ்வளவு ஏறியது என்று பார்த்ததும் தெரியும்.

இரண்டாம் நாளிலிருந்து தினமும் பாட்டிலில் 50 கிராம் கலவையை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை எடுத்துவிட்டு, 50 கிராம் மாவும் 50 மில்லி தண்ணீரும் சேர்த்துக் கலக்க வேண்டும். இந்த நாளிலிருந்து பாதி கோதுமை மாவு, பாதி மைதா என்று போடலாம்.

இரண்டாம் நாளே கலவை குபுகுபுவென்று பொங்கும். 'அட, இவ்வளவு சுலபமா!' என்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடத் தோன்றும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ திடீரென்று எல்லாம் அடங்கிவிடும். ஒரு குமிழி இருக்காது. பழைய சாக்ஸ் மாதிரி வாசனை வரும். பெரும்பாலானோர் பாட்டிலைச் சிங்க்கில் கவிழ்ப்பது இந்த நாளில்தான்.

கவிழ்க்க வேண்டாம். இரண்டாம் நாள் பொங்கியது பெரும்பாலும் ஈஸ்ட்டால் அல்ல. மாவில் முந்திக்கொண்டு பெருகும் சில பாக்டீரியாக்களின் ஆட்டம் அது. அவை உண்டாக்கிய அமிலமே கொஞ்ச நேரத்தில் அவற்றை அடக்கிவிடுகிறது. அதே அமிலத்தில் வாழப் பழகிய லாக்டிக் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் தலையெடுக்க இரண்டு மூன்று நாள் ஆகும். வெளியே பார்த்தால் மௌனம். உள்ளே குடியிருப்பு மாறிக்கொண்டிருக்கிறது. அந்த நாள்களிலும் வழக்கம் போல மாவும் தண்ணீரும் கொடுத்து வந்தால் போதும்.

ஐந்தாம் நாள் வாக்கில் மறுபடி குமிழிகள் தெரியும். வாசனை தயிரையும் கனிந்த பழத்தையும் நினைவூட்டும். அப்போதிருந்து காலையும் மாலையும் மாவு கொடுக்கலாம். மாவு கொடுத்த நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் இரண்டு மடங்காக ஏறுவது தொடர்ந்து மூன்று முறை நடந்தால் ஸ்டார்ட்டர் தயார். பெரும்பாலும் ஒரு வாரம், சில வீடுகளில் இரண்டு வாரம் ஆகும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். மேலே சாம்பல் நிறத் தண்ணீர் தேங்கினால் பயமில்லை. அது பசியில் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால், இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சுக் கோடுகளோ பஞ்சு போலப் பூஞ்சணமோ தெரிந்தால், மேலாக வழித்துவிட்டு மீதியைக் காப்பாற்ற நினைக்கக் கூடாது. மொத்தத்தையும் கொட்டிவிட்டு, பாட்டிலைக் கொதிநீரில் கழுவிப் புதிதாகத் தொடங்க வேண்டும். அடுத்தது, வேகாத மாவை ருசி பார்க்கக் கூடாது. பச்சை மாவில் நோய்க்கிருமிகள் இருக்கலாம். விரலை விட்டு நக்கும் பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைப்பது நல்லது.

தினமும் எடுத்துவிடும் மாவு வீணாகிறதே என்ற கவலை எல்லா வீட்டிலும் வரும். முதல் வாரத்தில் எடுப்பதைக் கொட்டிவிட வேண்டியதுதான். ஸ்டார்ட்டர் தயாரான பிறகு எடுப்பதை ஃப்ரிட்ஜில் ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கலாம். நான்கைந்து நாளில் சேர்ந்ததை அரிசி மாவு, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், உப்புடன் கரைத்தால் மொறுமொறுவென்று கோதுமை தோசை ரெடி. புளிப்பு ஏற்கெனவே இருப்பதால் மோர் சேர்க்க வேண்டாம்.

மாவு பாக்கெட்டின் பின்பக்கம்

பீட்சாவுக்கு எந்த மாவு? பாக்கெட்டின் பின்பக்கம் ஊட்டச்சத்து அட்டவணையில் 'புரதம்' என்ற வரியைப் பார்க்க வேண்டும். 100 கிராமுக்கு 11 கிராமோ அதற்கு மேலோ இருக்கும் மைதா என்றால் நல்லது. 9 கிராம் உள்ள மைதா கேக்குக்கும் பிஸ்கெட்டுக்கும் பொருந்தும். நீண்ட நேரம் புளிக்க வைத்தால் தாங்காது. முழுக் கோதுமை மாவு மட்டும் போட்டால் தவிடு குளூட்டன் வலையைக் குத்திக் கிழிப்பதால், மேலோடு கனத்துப்போகும். 450 கிராம் மைதாவுக்கு 50 கிராம் கோதுமை மாவு சேர்த்தால் வாசனையும் இருக்கும், மென்மையும் கெடாது.

நான்கு பீட்சாவுக்கான அளவு

மாவு 500 கிராம், தண்ணீர் 300 மில்லி, ஸ்டார்ட்டர் 100 கிராம், உப்பு 10 கிராம், எண்ணெய் இரண்டு டீஸ்பூன். பத்து அங்குல பீட்சா நான்கு வரும்.

முதலில் 25 கிராம் ஸ்டார்ட்டரில் 50 கிராம் மாவு, 50 மில்லி தண்ணீர் சேர்த்து வைக்க வேண்டும். அது பொங்கி உச்சத்துக்கு வந்ததும், 100 கிராம் பீட்சா மாவுக்கு. மீதி 25 கிராம் அடுத்த முறைக்கு. உச்சத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒரு சிட்டிகை ஸ்டார்ட்டரைத் தண்ணீரில் போடுவது. மிதந்தால் உள்ளே வாயு நிறைந்திருக்கிறது, பயன்படுத்தலாம்.

ஸ்டார்ட்டரைத் தண்ணீரில் கரைத்து, மாவைச் சேர்த்து, உலர்ந்த மாவு தெரியாத அளவுக்குப் புரட்டி, அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். இந்த ஓய்விலேயே குளூட்டன் பாதி உருவாகிவிடும். கை வலி மிச்சம். பிறகு உப்பும் எண்ணெயும் சேர்த்து ஐந்து நிமிடம் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, கொஞ்சம் ஒட்டுகிற மாதிரிதான் இருக்கும். பயந்து மேலும் மாவு தூவ வேண்டாம். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ஒட்டாது.

அதன் பின், அரை மணி நேரத்துக்கு ஒரு முறை என்று மூன்று முறை, மாவின் நான்கு ஓரங்களையும் இழுத்து நடுவில் மடித்துவிட வேண்டும். மூன்றாவது மடிப்பில் மாவு வழுவழுப்பாகி, இழுத்தால் அறுபடாமல் நீளும்.

கண் வைக்க வேண்டிய டம்ளர்

அடுத்து வருவதுதான் கோட்டை விடும் இடம். எவ்வளவு நேரம் புளிக்க வேண்டும்?

பாத்திரத்தில் இருக்கும் மாவு எவ்வளவு ஏறியது என்று கண்ணால் அளப்பது கடினம். அதனால், மடித்து முடித்ததும் எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரில் அழுத்தி வைத்து, மட்டத்தில் ஒரு கோடு போட்டு, பெரிய பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். டம்ளரில் உள்ளது ஒன்றரை மடங்கு உயரத்துக்கு வந்ததும் பெரிய மாவையும் எடுத்துவிட வேண்டும். இரண்டு மடங்காகும் வரை காத்திருக்க வேண்டாம். ஃப்ரிட்ஜுக்குள் போன பிறகும் குளிர்ச்சி உள்ளே இறங்கும் வரை மாவு புளித்துக்கொண்டேதான் இருக்கும்.

சமையலறை 30 டிகிரிக்கு மேல் இருந்தால், மாவு பிசைந்ததிலிருந்து மூன்று, நான்கு மணி நேரத்தில் இந்த நிலை வந்துவிடலாம். மார்கழிக் குளிரில் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இதற்கு இரண்டு, மூன்று மடங்கு நேரம் ஆகலாம். பத்து டிகிரி வெப்பம் கூடினால் நொதிக்கும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த எண்கள் எல்லாம் எப்போது எட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு மட்டுமே. எடுப்பதா வேண்டாமா என்பதை டம்ளர்தான் சொல்ல வேண்டும்.

வெயில் காலத்தில் ஃப்ரிட்ஜ் தண்ணீரில் மாவு பிசைந்தால் கொஞ்சம் நிதானம் கிடைக்கும். இரவில் பிசைந்துவிட்டுத் தூங்கப் போவதைவிட, பகலில் வீட்டில் இருக்கும் நேரத்தில் பிசைவது நல்லது.

ஏறிய மாவை நான்காகப் பிரித்து (ஒவ்வொன்றும் சுமார் 230 கிராம்), இறுக்கமாக உருட்டி, எண்ணெய் தடவிய டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். அங்கே 24 மணி நேரம் இருந்தால் ருசி கூடும். 36 மணி நேரம் வரை தாங்கும். குளிரில் ஈஸ்ட் அநேகமாகத் தூங்கிவிடும். மாவு மெல்லக் கனிந்து, விரிக்கவும் வசதியாகும். சனிக்கிழமை பிசைந்தால் ஞாயிறு மதியம் பீட்சா.

நேப்பிள்ஸ் அடுப்பும் நம் தோசைக்கல்லும்

பீட்சாவின் சொந்த ஊர் இத்தாலியின் நேப்பிள்ஸ். அங்கே பீட்சா சுடுவது ஒரு கலை என்று 2017-ல் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அந்த ஊர் விறகு அடுப்பின் சூடு 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பீட்சா வேக 60 முதல் 90 நொடி போதும். அதனால்தான் ஓரம் உப்பி, வெளியே கருகல் புள்ளிகளும் உள்ளே பஞ்சுமாக இருக்கிறது.

வீட்டில் இருக்கும் ஓ.டி.ஜி. அடுப்பு 250 டிகிரியோடு நின்றுவிடும். அந்தக் குறையை ஈடுகட்ட, மாவுக்கு அடியில் கனமான சூடான பரப்பு ஒன்று வேண்டும். கைப்பிடி இல்லாத இரும்புத் தோசைக்கல் அதற்கு அருமையான பொருள். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு, கல்லை உள்ளே வைத்து 45 நிமிடம் முழுச் சூட்டில் காயவிட வேண்டும்.

மாவு உருண்டையை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, முக்கால் மணி நேரம் வெளியே வைத்து, கொஞ்சம் ரவை தூவிய பலகையில் வைத்து, விரல் நுனிகளால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தி விரிக்க வேண்டும். சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு ஓரத்தை அழுத்தாமல் விட்டுவிட வேண்டும். அதுதான் பிறகு உப்பி வரும். பூரிக்கட்டை ஆகாது, இரண்டு நாள் உழைப்பில் சேர்ந்த வாயுவை ஒரே உருட்டில் வெளியேற்றிவிடும். விரிக்க விரிக்கச் சுருங்கினால் சண்டை போட வேண்டாம். பத்து நிமிடம் மூடி வைத்தால் தானாகச் சொன்னபடி கேட்கும்.

தக்காளிச் சாறு இரண்டு மேசைக்கரண்டி போதும். நாட்டுத் தக்காளி புளிக்கும். மாவும் புளிப்பு என்பதால் சதைப்பற்றுள்ள பெங்களூர் தக்காளி பொருத்தம். பொடியாக நறுக்கி உப்பு போட்டு, கால் மணி நேரம் வடிகட்டியில் வைத்துத் தண்ணீரை இறக்கிவிட வேண்டும். நடுப்பகுதி ஈரமாகி வேகாமல் போவதற்குப் பாதிக் காரணம் இந்தத் தண்ணீர்தான். மொசரெல்லா சீஸ் ஒரு பீட்சாவுக்கு 70 கிராம். அதற்கு மேல் போட்டால் மாவின் ருசியே தெரியாது.

காய்ந்த கல்லில் சரியவிட்டால் எட்டு முதல் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். ஓவன் இல்லாத வீட்டிலும் வழி இருக்கிறது. அடுப்பில் தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, விரித்த மாவைப் போட்டு, அடியில் பொன்னிறப் புள்ளிகள் வந்ததும் திருப்பிப் போட்டு, தீயைக் குறைத்து, வெந்த பக்கத்தின் மேல் சாறும் சீஸும் போட்டு, சீஸ் உருகும் வரை மூடி வைக்க வேண்டும். ஓரம் அவ்வளவு உப்பாது. ருசியில் குறை இருக்காது.

உடம்புக்கு நல்லதா?

'சவர்டோ என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்' என்ற பேச்சு இப்போது பரவலாக இருக்கிறது. உண்மை அவ்வளவு தாராளமாக இல்லை. நீண்ட நேரம் புளிக்கும்போது, முழுக் கோதுமையில் உள்ள ஃபைட்டிக் அமிலம் குறைகிறது. இரும்பு, துத்தநாகம் போன்றவற்றை உடல் எடுத்துக்கொள்வது எளிதாகிறது. சாதாரண ரொட்டியைவிட ரத்தச் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. ஆனாலும், மைதா புளித்தாலும் மைதாதான். சர்க்கரை நோயாளிகள் அளவைக் குறைத்துக்கொள்வதே சரி.

இன்னொன்று மிக முக்கியம். புளித்த மாவில் குளூட்டன் இல்லாமல் போய்விடுவதில்லை. சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் கோதுமையில் செய்த சவர்டோவும் ஆபத்துதான். 'இது வீட்டில் புளிக்க வைத்தது, ஒன்றும் செய்யாது' என்று அன்போடு கொடுத்துவிடக் கூடாது.

மறுபடி ஒரு ஞாயிறு

ஈரோட்டு வீட்டில் அடுத்த முயற்சி மூன்று வாரம் கழித்து நடந்தது. இந்த முறை சனிக்கிழமை காலையிலேயே ஃப்ரிட்ஜ் தண்ணீரில் மாவு பிசைந்தார் மருமகள். பக்கத்தில் கோடு போட்ட டம்ளர். பத்து மணிக்கு அந்தப் பக்கம் வந்த மாமியார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பதினொன்றே காலுக்கு மறுபடி வந்து குரல் கொடுத்தார்.

"கண்ணு, டம்ளர்ல கோட்டத் தாண்டி ஏறிருச்சு பாரு. எடுத்து உள்ள வெச்சிரு."

வீடியோவில் சொன்ன நேரத்துக்கு இன்னும் எட்டு மணி நேரம் பாக்கி இருந்தது. மருமகள் மறுபேச்சு பேசாமல் எடுத்து உருட்டி ஃப்ரிட்ஜில் வைத்தார்.

மறுநாள் மதியம் முதல் பீட்சா வெளியே வந்தபோது, ஓரம் முழுக்கக் குமிழ் குமிழாக உப்பி, அங்கங்கே கருகல் புள்ளியோடு இருந்தது. பிள்ளைகள் சீஸ் இருக்கும் நடுப்பகுதியைத் தின்றுவிட்டு, ஓரங்களைத் தட்டிலேயே விட்டுவிட்டார்கள். மாமியார் அதில் ஒன்றை எடுத்துப் பிய்த்து உள்ளே பார்த்தார். ஆப்பத்தின் நடுப்பகுதி போலக் கண் கண்ணாக இருந்தது. வாயில் போட்டு மென்றார்.

"மேல போடறதெல்லாம் எனக்கு வேண்டாம் கண்ணு. இந்த வெறும் ரொட்டிய மட்டும் ஒண்ணு சுட்டுக் குடு. தேங்காய்ச் சட்னி இருக்குதல்ல?"

இப்போது அந்த வீட்டு ஃப்ரிட்ஜில் இட்லி மாவுத் தூக்குக்குப் பக்கத்தில் ஸ்டார்ட்டர் பாட்டிலும் இருக்கிறது. குளிரில் வைத்தால் வாரம் ஒரு முறை மாவும் தண்ணீரும் கொடுத்தால் போதும். போன மாதம் மருமகள் பிறந்த வீட்டுக்குப் போனபோது, எத்தனை கிராம், எத்தனை மில்லி என்று ஒரு சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது பாட்டில் குமிழ் விட்டுப் பொங்கிக்கொண்டிருந்தது. தராசு மட்டும் அலமாரியில் வைத்த இடத்தைவிட்டு நகர்ந்த மாதிரியே தெரியவில்லை.